பாலுக்குச் சோதனை உண்டு, தண்ணீருக்கு இல்லையா?

நாம் வெட்டிக் கொண்டுவரும் பாலைச் சோதிக்காமல் நிர்வாகம் ஏற்றுக்கொண்ட நாள் உண்டா? வாளியை இறக்கியதும் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டோ, கொஞ்சம் பாலை உலர்த்திப் பார்த்தோ, எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று கணக்கெடுத்து விடுகிறார்கள். மங்கில் மழைத்தண்ணீர் விழுந்திருந்தால் அது சம்பளத்தில் தெரியும். அதே தொழிலாளி லயத்துக்குத் திரும்பி, குழாயைத் திறந்து ஒரு குவளை குடிக்கிறாரே, அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க மட்டும் கருவியும் இல்லை, ஆளும் இல்லை!

அரசாங்கக் குழாய் எட்டாத தோட்டங்களையே சொல்கிறோம். ஆற்று நீரையோ குளத்து நீரையோ இறைத்து, மேட்டுத் தொட்டியில் ஏற்றி, லயங்களுக்கு இறக்கிவிடுகிறார்கள். போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் சொல்கிறது. குழாய் போட்டாயிற்றே என்பார்கள். குழாய் சரி, அதற்குள் வருவது என்ன?

“சோதித்தாயிற்று, நல்ல தண்ணீர்தான்” என்று பதில் வருகிறது. எங்கே எடுத்த தண்ணீர்? ஒரு தோட்டத்தில் நாம் விசாரித்தபோது, பம்பு வீட்டு வாசலில், குளோரின் கலந்த மறு நிமிடமே நிரப்பிய புட்டி என்று தெரிந்தது! அங்கே மருந்து மணக்காமல் வேறு என்ன செய்யும்? அங்கிருந்து கடைசி லயம் வரை மூடியில்லாத தொட்டி, துருப்பிடித்த குழாய், சாக்கடையை உரசிப் போகும் இணைப்பு. குளோரின் பாதி வழியிலேயே செலவாகிவிடும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குழாயடியில் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதும், 100 மில்லிலிட்டர் நீரில் ஈகோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது என்பதும் சுகாதார அமைச்சின் தரம். அந்தக் கிருமி இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். பச்சையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும், குடிக்கிறவர்கள் நாம்தானே! கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும்.

கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர்த்தால்தான் முடிவுக்கு மதிப்புண்டு. மூன்று நாள் ஆபீஸ் மேசையில் கிடந்த புட்டி எதற்கும் சாட்சியாகாது.

காய்ச்சிக் குடியுங்கள் என்று நமக்கே உபதேசமும் செய்கிறார்கள். காய்ச்சுகிறோம், கிருமி சாகிறது. களைக்கொல்லி சாகுமா? பராக்குவாட்டுக்கு 2020 ஜனவரியில் தடை வந்தது; மற்ற மருந்துகளின் தெளிப்பு நின்றுவிடவில்லை. கிருமிச் சோதனையில் மருந்து தெரியாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும், அதையும் கேட்கிறோம்.

கிராணிமார்களே, அந்த அறிக்கை உங்கள் மேசையைத் தாண்டித்தான் அலமாரிக்குள் போகிறது. உங்கள் பிள்ளைகளும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கடைசி லயத்தின் கடைசிக் குழாயில், தொழிலாளர் பிரதிநிதி பார்த்திருக்க, புட்டி நிரப்பப்பட வேண்டும். மழைக்காலத்தில் ஆறு கலங்கும்போது மறுபடியும் நிரப்பப்பட வேண்டும். முடிவைத் தேதியோடு பிரட்டுக்களத்துப் பலகையில் தமிழிலும் மலாயிலும் ஒட்ட வேண்டும்; நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் அதே தண்ணீர்தான். வரும் கிளைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கி எழுத்தில் கொடுங்கள். நிர்வாகம் பதில் கொடுத்த தேதியையும் குறித்து வையுங்கள்.