ப்ராக்ரஸிவ் ராக்கைக் கொன்றது யார்?

முன்னெச்சரிக்கை: எலெக்ட்ரிக் கிடார் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

காலை நடையில் என்னோடு வரும் நண்பருக்கும் எனக்கும் கல்லூரி நாளிலிருந்தே ஒரே பைத்தியம். யெஸ், ஜெனிசிஸ், கிங் க்ரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பாமர், பிங்க் ஃப்ளாய்ட். போன வாரம் மூன்றாவது சுற்றில் அவர் தன் பழைய தீர்ப்பை மறுபடி வாசித்தார். "எழுபத்தேழோட எல்லாம் முடிஞ்சு போச்சுய்யா. பங்க் பசங்க வந்து கொன்னுட்டானுங்க. மிச்சம் இருந்ததை ஃபில் காலின்ஸ் கெடுத்தான்." முப்பது வருஷமாக இதற்குத் தலையாட்டி வந்திருக்கிறேன். இந்த முறை ஆட்டவில்லை. நான்காவது சுற்று முழுக்கச் சண்டை. மூச்சு வாங்கியதில் அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு மூன்று நிமிஷக் காதல் பாட்டு போரடித்துவிட்டது. மேற்கத்திய சாஸ்திரிய இசை, ஜாஸ், நாட்டுப்பாடல் எல்லாவற்றையும் ராக்குக்குள் கொண்டுவந்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டாக்கினார்கள். 1969 அக்டோபரில் வந்த கிங் க்ரிம்சனின் முதல் ஆல்பத்தைத்தான் பலரும் ஆரம்பமாகச் சொல்வார்கள். 1972ல் வந்த யெஸ்ஸின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாட்டு. அதில் ஒன்று பதினெட்டு நிமிஷத்துக்கு மேல்.

இப்போது கொலை வழக்குக்கு வருவோம். தேதிகளைப் பாருங்கள். பங்க் கோஷ்டியின் தலைமை ஆசாமிகளான செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் இசைத்தட்டு வந்தது 1976 நவம்பரில். ராபர்ட் ஃப்ரிப் கிங் க்ரிம்சனைக் கலைத்தது 1974ல். பீட்டர் கேப்ரியல் ஜெனிசிஸை விட்டுப் போனது 1975ல். கொலைகாரன் ஊருக்குள் வருவதற்கு முன்பே பிரேதம் விழுந்துவிட்டதா? அதுவும் இல்லை. பங்க் உச்சத்தில் இருந்த அதே 1977ல் யெஸ்ஸின் 'கோயிங் ஃபார் தி ஒன்' பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. எமர்சன் லேக் அண்ட் பாமரின் ஒரு வாத்திய இசைத்தட்டு இரண்டாம் இடம் வரை போனது. ஜெனிசிஸ் ஆல்பம் ஒன்று முதல் தடவையாக அங்கே முதலிடம் பிடித்ததே 1980ல்தான். 'ஐ ஹேட் பிங்க் ஃப்ளாய்ட்' என்று எழுதிய சட்டையைப் போட்டுத் திரிந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன், 1977ல் லண்டன் வானொலியில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போடச் சொன்னபோது பீட்டர் ஹாமிலைப் போட்டார். ஹாமில் யார்? வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற அக்மார்க் ப்ராக்ரஸிவ் குழுவின் பாடகர்.

ஆக, பங்க் மேல் போட்ட வழக்கு தள்ளுபடி.

உள்ளுக்குள்ளேயே வீக்கம் இருந்தது என்பது நிஜம். 1973ல் யெஸ் 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' என்று இரட்டை ஆல்பம் போட்டார்கள். நாலு பக்கம், நாலு பாட்டு. பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு அதற்கான பொறி கிடைத்தது நம் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில், சாஸ்திரங்களைப் பற்றிய ஒரு அடிக்குறிப்பில். ஒரு அடிக்குறிப்பை எண்பது நிமிஷம் இழுக்க அவரால்தான் முடியும். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு அலுப்பு தாங்கவில்லை. மேடையிலேயே கறிச்சோறு வரவழைத்துச் சாப்பிட்டதாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அடுத்த வருஷமே விலகினார். எமர்சன் லேக் அண்ட் பாமர் 1977ல் எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவோடு ஊர் ஊராகக் கிளம்பி, செலவு தாங்காமல் வழியிலேயே அவர்களை விட்டுவிட வேண்டியதாயிற்று.

சரி, எண்பதுகளில் நடந்தது என்ன? நண்பர் "துரோகம்" என்பார். 1982ல் 'ஏசியா' வந்தது. யெஸ், கிங் க்ரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பாமர் மூன்றிலிருந்தும் ஆள் எடுத்த குழு. பாட்டெல்லாம் வானொலிக்கு அளவெடுத்துத் தைத்தவை. அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடம். எனக்கு அது நாலு கெட்டிக்காரர்கள் சேர்ந்து போட்ட கணக்காகத்தான் படுகிறது. நண்பரோடு இதில் சண்டை இல்லை. ஆனால் மறு வருஷம் யெஸ் போட்ட '90125' வேறு சங்கதி. ட்ரெவர் ஹார்ன் என்ற தயாரிப்பாளர், துண்டு துண்டாக வெட்டிய சத்தங்களை ஒரு நாலரை நிமிஷப் பாட்டுக்குள் வீசி எறிந்தார். 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். பாட்டு சின்னது என்பதற்காக அது பிற்போக்கு ஆகிவிடுமா? நீளத்தை அளக்க நாம் என்ன ஜவுளிக் கடையா வைத்திருக்கிறோம்?

என் கட்சி இதுதான். முன்னால் போவது என்றுதானே அந்தப் பெயருக்கு அர்த்தம்? அது ஒரு குறிப்பிட்ட பழைய சத்தத்தின் பெயராக மாறிய அன்றுதான் செத்தது. அதைச் செய்தது பங்க் இல்லை, பணம் இல்லை. ரசிகர்களாகிய நாம்.

மெலோட்ரான் என்று ஒரு பெட்டி உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அமுக்கினால் வயலின் கூட்டமோ கோரஸோ ஓடும். 1969ல் அதை வாசித்தார்கள், புதுசு என்பதால். இன்றைய குழுக்கள் அதே சத்தத்தைக் கம்ப்யூட்டரில் வாங்கிப் போடுகின்றன, பழசு என்பதால். 1983ல் மாரில்லியன் குழு முதல் ஆல்பம் போட்டபோது பாடகர் ஃபிஷ், கேப்ரியல் மாதிரியே முகத்தில் சாயம் பூசி வந்தார். நல்ல குரல், நல்ல எழுத்து, மறுக்கவில்லை. மாரில்லியனே பிறகு வேறு வழி போனதும், 2001ல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கேட்காத ஆல்பத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டியதும் பெருமைக்குரிய கதை. ஆனால் அவர்கள் பின்னால் வந்த கூட்டத்துக்குச் சாயம் மட்டும்தான் தெரிந்தது. ட்ரீம் தியேட்டர் போன்ற அமெரிக்கர்களிடம் வேகம் அபாரம். பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. 2013லிருந்து இதற்கென்று உல்லாசக் கப்பல் வேறு விடுகிறார்கள். என் வயசுக்காரர்கள் டெக்கில் சாய்ந்துகொண்டு 1972ஐ மறுபடி கேட்கலாம். வசதி இருந்தால் நானும் போவேன், அது வேறு விஷயம்.

நிஜமாக முன்னால் போனவர்களை நாம் அடையாளமே காணவில்லை. டாக் டாக் என்ற குழு ஹிட் பாட்டுகளில் ஆரம்பித்து, 1988ல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' என்று மௌனத்தையே வாத்தியமாக வைத்து ஒரு ஆல்பம் செய்தது. 1997ல் ரேடியோஹெட் 'ஓகே கம்ப்யூட்டர்' தந்தது. யாரும் அவற்றை ப்ராக்ரஸிவ் ராக் அலமாரியில் வைக்கவில்லை. அந்த அலமாரியில் மெலோட்ரானுக்கே இடம் போதவில்லை.

நானும் குற்றவாளிதான். 1981ல் ஃப்ரிப் கிங் க்ரிம்சனை மறுபடி கூட்டி 'டிசிப்ளின்' என்ற ஆல்பம் போட்டார். மெலோட்ரான் கிடையாது, இருபது நிமிஷப் பாட்டு கிடையாது. இரண்டு கிடார்கள் ஒரே கோலத்தை வாசிக்கும். ஒன்று ஒரு ஸ்வரத்தைக் குறைத்துக்கொண்டு விலகும், சுற்றிச் சுற்றி வந்து ஓரிடத்தில் கூடும். தனியாவர்த்தனத்தில் கோர்வை சமத்தில் வந்து விழுவதைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அலுவலக நண்பர் ஒருவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட் அது. 1983ல் ஆசையாக எனக்குக் கொடுத்தார். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு மறுநாளே மேஜையில் வைத்து, "இது கிங் க்ரிம்சன் இல்லை சார், யாரோ பேரைத் திருடியிருக்காங்க" என்றேன். பாவம், அதன்பின் அவர் எனக்கு எந்தக் கேசட்டும் தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அதை முழுக்கக் கேட்டேன். ஒரே வாரத்தில் ஒன்பது தடவை. அந்த நண்பரிடம் சொல்லலாம் என்று விசாரித்தேன். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை நடந்த அன்று மாலை நடை நண்பருக்கு அந்த ஆல்பத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். மறுநாள் காலை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"முதல் பாட்டு மட்டும்தான்யா கேட்டேன். என்னய்யா அது, கிடார்ல யானை பிளிறுது?"

பாட்டின் பெயரே 'எலிஃபண்ட் டாக்' என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. முதல் சுற்று முடிகிற நேரத்தில், "ரெண்டாவது பாட்டு எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார்.