லயத்தின் வாசலில் நின்ற சட்டம்

வாக்காளர் இடாப்பில் பெயருள்ளவனே வேட்பாளனாகலாம் என்பது உள்ளூராட்சித் தேர்தல் விதி. நல்ல விதிதான்! ஆனால், அந்த இடாப்பிலிருந்தே ஒரு மக்கட்கூட்டத்தை விலக்கிவைத்த கதையை மலையகம் மறக்குமா?

1930களின் பிற்பகுதியில், கிராமச் சபை வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். கண்டனம் எழுந்தது. உடனே இந்தியர் என்ற பேச்சை விடுத்து, லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளர் அனைவரையும் விலக்கினர். சொல் மாறிற்று, வஞ்சம் மாறவில்லை! 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தமும் பாராளுமன்ற வாக்கையும் பறித்தன.

பல்லாண்டுப் போராட்டத்தால் பிரஜாவுரிமை மீண்டது. நுவரெலியாவிலும் அம்பகமுவவிலும் நம்மவர் வேட்பாளராயினர், வென்றனர். கண்ட பயன் என்ன? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. லயத்திலிருந்து வாக்குச் சென்றது. லயத்துக்குப் பாதை வரவில்லை! 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

திருத்தம் ஏட்டில் உண்டு. லயக்காம்பராவோ இன்றும் பெரும்பாலும் தோட்டத்தின் உடைமை. குடியிருக்கும் மண்ணுக்கு உறுதியில்லாதவனின் சபையுரிமை அரையுரிமையே! வாக்குக் கேட்டு லயமேறும் ஒவ்வொரு வேட்பாளரையும் தொழிலாளர் கேட்கட்டும்: காணி உறுதிக்கு உமது உறுதி என்ன? உழவரும் கற்றோரும் அக்கேள்விக்குத் துணை நிற்கட்டும்!