பழைய விளையாட்டைப் புதிய பொறிக்கு மாற்றுதல் குற்றமா?

பழைய வீடியோ விளையாட்டுகளைப் புதிய கொன்சோல்களில் இயங்குமாறு மாற்றும் இளைஞரைச் சிலர் திருடர் என்கின்றனர். வேறு சிலர் வீண்பொழுது கழிப்போர் என எள்ளுகின்றனர். சப்பிரகமுவத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர் இவ்விரு கூற்றுகளையும் ஏற்கமாட்டார்கள்.

1983 யூலை 15ஆம் நாள் யப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் 'பமிகொம்' கொன்சோல் விற்பனைக்கு வந்தது. அம்மாத இறுதியில் நம் நாடு எரிந்தது. இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழரோ 1981 ஓகஸ்டிலேயே தாக்குதலுக்கு ஆளாகியிருந்தனர். பலர் லயன் அறைகளை விட்டு ஓடினர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பறிபோன குடியுரிமை அவர்களிற் பலருக்கு அன்றும் மீண்டிருக்கவில்லை. பிறநாட்டார் எதனை இளமை நினைவாகக் கொண்டாடுகின்றனரோ, அது இத்தோட்டச் சிறுவருக்கு அக்காலத்திற் கிட்டாத பொருள். ஆகவே அவர்தம் பிள்ளைகள் பழைய ஆட்டத்தைப் புதிய பொறிக்கு மாற்றுவது பழைமை மோகமன்று; தந்தையர்க்கு மறுக்கப்பட்டதைக் காலந்தாழ்த்தியேனும் பெறுதலாகும்.

இனி, திருட்டு என்னும் வாதத்தை நோக்குவோம். சோனியின் பிளேஸ்டேசன் 1994இலும், அதன் கையடக்கப் பொறியான பி.எஸ்.பி. 2004இலும் வெளிவந்தன. இரண்டின் மையச் செயலிகளும் மிப்ஸ் என்னும் ஒரே குலத்தவை. இறுவட்டிலுள்ளதை ஒரு கோப்பாக்கி, பழைய பொறியைப் போல நடிக்கும் மென்பொருளின் துணையுடன் இயக்குவதே மாற்றத்தின் சாரம். 2006 முதல் அந்நிறுவனமே பழைய ஆட்டங்களை இவ்வாறு மாற்றி மீண்டும் விற்றது. நிறுவனம் செய்தால் வணிகம், விலைகொடுத்து இறுவட்டை வாங்கியவன் செய்தால் களவு என்பது எந்த நீதி? நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், கணினி நிரலொன்றின் படியைச் சட்டப்படி உடையவர், அதன் பயன்பாட்டுக்கோ காப்புக்கோ இன்றியமையாதவிடத்து ஒரு படி எடுக்க இடமளிக்கின்றது. பல படிகள் எடுத்துச் சந்தையில் விற்போருக்காக நான் வாதிடவில்லை.

நிறுவனங்களையே நம்பியிருத்தலும் ஆகாது. 2006இல் திறந்த நின்டெண்டோவின் 'வீ' இணையக் கடை 2019 சனவரியில் மூடப்பட்டது. 2023 மார்ச்சில் அதன் வேறு இரு பொறிகளுக்கான கடைகளிலும் விற்பனை நின்றது. ஈரவலயத்து லயன் அறையிலோ இறுவட்டும் பூஞ்சணம் பிடித்து அழியும். படியெடுக்காதது எஞ்சாது. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையைப் போற்றும் நமக்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வீண்பொழுது என்போருக்கும் ஒன்று கூறுவேன். கோப்பு, செயலி, நினைவகம் என்பவற்றின் இயல்பை இவ்விளைஞர் பாடநூலிற் கற்றிலர். இம்மாற்றத்தைச் செய்து, பிழைத்து, மீண்டும் செய்தே கற்றனர். அக்கல்வியை இழித்துரைப்பதை விடுத்து, தோட்ட வாசிகசாலைதோறும் பழைய பொறியொன்றும், உரியவர் தம் இறுவட்டைப் படியெடுத்துக் காக்கக் கணினியொன்றும் அமைப்போமாக. அப்பணியை நம் சங்கமே முதலிற் தொடங்குதல் வேண்டும்.