வலிக்காத புண்

முஃமின்கள் ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் அன்பிலும் இரக்கத்திலும் பரிவிலும் ஓர் உடலைப் போன்றவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். அந்த உடலில் ஓர் உறுப்பு நோயுற்றால் மற்ற உறுப்புகள் எல்லாம் உறக்கத்தை இழக்கின்றன. உடல் முழுவதும் காய்ச்சல் காண்கிறது. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. நம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதும் இதுவே.

ஒற்றுமைக்குச் சொல்லப்பட்ட அழகிய உவமை என்ற அளவில் இதைப் புரிந்துகொள்வது எளிது. சற்று நின்று கவனித்தால் வேறொன்றும் புலப்படும். இங்கே சொல்லப்படும் உடல் நோயே இல்லாத உடலன்று. அதன் ஓர் உறுப்பில் நோவு இருக்கிறது. ஆயினும் அது உயிருள்ள உடல். ஏனெனில் கால் படும் பாட்டைக் கண் அறிகிறது. ஆகவே ஒரு ஜமாஅத் நலமாக இருக்கிறதா என்று அறிய இந்த நபிமொழி நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. ஒருவர் படும் துன்பத்தால் இன்னொருவரின் தூக்கம் கெடுகிறதா? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதன் ஆழத்தை உணர நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளிலேயே அதற்கான பாடம் இருக்கிறது. இந்தியாவில் இன்று 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர். நம் குடும்பங்களில் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: பாதத்தைக் கவனியுங்கள்.

காரணம் இதுதான். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கின்றன. அது பெரும்பாலும் பாதங்களில் தொடங்குகிறது. செருப்புக்குள் சிறு கல் கிடந்தாலும் தெரியாது. வெயிலில் கொதிக்கும் தரையில் நடந்து கொப்புளம் கண்டாலும் தெரியாது. முள் தைத்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்து, தரையில் படிந்த கறையைக் கண்டோ நாற்றத்தை உணர்ந்தோ வீட்டார் சொன்ன பிறகுதான் நோயாளிக்கே தெரியவரும். சிலருக்கு அதற்குள் காலையே எடுக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. அந்த மனிதரிடம் முந்திய வாரம் விசாரித்திருந்தால், “எனக்கு ஒரு வலியும் இல்லை” என்றுதான் சொல்லியிருப்பார். உண்மையும் அதுவே. வலி இல்லாமல் போனதுதான் அவருடைய ஆபத்து.

இதே உண்மையைத் தமிழ் மண்ணில் இன்னொரு நோயின் வழியாக விளக்கியவர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். 1914-இல் கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். தொழுநோய் வந்தால் சதை தானாகவே அழுகி விரல்கள் உதிர்ந்துவிடும் என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். அவரோ நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள். கருவிகளை அளவுக்கு மீறி அழுத்திப் பிடிக்கிறார்கள். இரவில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் உறங்குகிறார்கள். கிருமி நரம்பை மரக்கச் செய்கிறது. பெரும்பாலான சிதைவுகள் உணரப்படாத காயங்களால் நேர்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். வலி என்பது இறைவன் தந்த கொடை என்பதைத் தம் திருச்சபைக்குரிய பாடமாகவும் அவர் பின்னாளில் எழுதினார். ஓர் உடல் என்ற உவமையைத் தம் நபியின் வாயிலாகவே பெற்ற சமுதாயத்திற்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது.

நம் மஹல்லாவின் பாதத்தில் எங்கே உணர்ச்சி மரத்திருக்கிறது?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டிலிருந்து ஜமாஅத் சந்தா வரவில்லை. பிறகு அந்த வீட்டில் ஒரு திருமணம் கூடி வருகிறது. ஜமாஅத்தின் கடிதம் கேட்டு வருகிறார்கள். அப்போதுதான் பேரேடு புரட்டப்படுகிறது; பாக்கி கணக்கிடப்படுகிறது; கட்டினால்தான் கடிதம் என்று சொல்லப்படுகிறது. விதி அப்படி இருக்கலாம். ஆனால் மாதந்தோறும் தவறாமல் தந்துகொண்டிருந்த ஒரு வீடு திடீரென நிறுத்தியபோது, முதல் மாதத்திலேயே அங்கு எவரேனும் சென்று நலம் விசாரித்தனரா? தொழில் முடங்கியிருக்கலாம். வெளிநாட்டுச் சம்பளம் நின்றிருக்கலாம். குடும்பத் தலைவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கலாம். வட்டிக் கடனின் வாரத் தவணைக்கே அந்தத் தாயின் தையல் கூலி போய்க்கொண்டிருக்கலாம். நின்றுபோன சந்தா, உடல் அனுப்பிய செய்தி. அதைக் கடன் பாக்கியாக மட்டும் எழுதி வைக்கும் பேரேடு, செத்துப்போன நரம்புக்கு ஒப்பானது.

நிக்காஹ் தஃப்தரையும் பாருங்கள். மஹர் தொகை எழுத்தால் எழுதப்பட்டு, சாட்சிகள் கையொப்பமிட்டு, துஆவுடன் நிறைவு பெறுகிறது. பெண் வீட்டார் கொடுத்த ரொக்கமும் நகையும் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதற்காக விற்கப்பட்ட மனையும் ஏறுவதில்லை. அந்த மேடையில் பிரியாணியின் மணம் இருக்கிறது, வலி தெரிவதில்லை. ஆனால் அந்த வீட்டின் இரண்டாவது மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

நரம்பு கெட்டுப்போனால் இன்னொரு விந்தையும் நிகழும். அதே நீரிழிவு நோயாளிக்குப் புண்ணே இல்லாத இடத்தில் தீப்பட்டாற்போல எரிச்சல் எடுக்கும். இரவெல்லாம் ஊசி குத்துவதுபோல் இருக்கும். புண் உள்ள இடம் மரத்திருக்க, புண் இல்லாத இடம் எரியும். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா, தொழுகையில் தொப்பி அணிவதா, பிறையை எங்கே பார்ப்பது என்ற வினாக்களில் நம் ஊர்களில் எத்தனை இரவுகள் உறக்கமின்றிக் கழிந்துள்ளன! மார்க்கச் சட்டத்தில் தெளிவு தேடுவது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வினாவுக்காகக் கொதித்தெழும் மஹல்லா, அடுத்த தெருவில் ஒரு விதவை வட்டிக்காரனுக்கு அஞ்சிக் கதவைத் தாழிட்டிருப்பதை அறியாமல் உறங்குமானால், அந்தக் கொதிப்பை ஈமானின் சூடு என்று சொல்லிவிட முடியாது. அது நரம்புக் கோளாறின் எரிச்சலாகவும் இருக்கக்கூடும்.

பாதத்தின் புண் ஆறாமல் போவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இரத்தக் குழாய்கள் சுருங்கி, போதிய இரத்தம் அங்கே சென்று சேர்வதில்லை. உடலில் இரத்தம் இல்லாமல் இல்லை; தேவைப்படும் இடத்தை அது எட்டுவதில்லை. நம் ஜகாத்தும் பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது. ரமளானின் கடைசிப் பத்தில் வாசலில் நீளும் வரிசைக்குச் சில்லறை நோட்டுகளாகவும் சேலைகளாகவும் அது பிரிந்துபோகிறது. வரிசையில் நிற்கக் கூசும் வீட்டை அது எட்டுவதே இல்லை. கேட்கத் துணியாதவர்களை, அவர்களின் தன்மானத்தைக் கண்டு செல்வந்தர்கள் என்று அறியாதவர் எண்ணிவிடுவர் எனத் திருக்குர்ஆன் (2:273) சுட்டிக்காட்டுவது இத்தகையோரைத்தான். பைத்துல்மாலின் வழியே ஒன்றுதிரட்டி, ஒரு குடும்பத்தை அடுத்த ஆண்டு ஜகாத் வாங்கத் தேவையில்லாத நிலைக்கு உயர்த்தினால், அதுவே இரத்தம் புண்ணைச் சென்றடைவது.

மரத்துப்போவது ஒரே நாளில் நேர்வதன்று. நீரிழிவிலும் அப்படித்தான். வேதம் வழங்கப்பட்ட முந்தைய சமுதாயத்தாரைப் பற்றி அல்லாஹ் கூறும்போது, காலம் நீண்டு சென்றதால் அவர்களின் உள்ளங்கள் இறுகிவிட்டன என்று (57:16) எச்சரிக்கிறான். அவர்களைப் போல் ஆகிவிட வேண்டாம் என்பது நமக்கான செய்தி. உடலில் ஒரு சதைத்துண்டு இருக்கிறது. அது சீரானால் உடல் முழுவதும் சீராகும், அது கெட்டால் உடல் முழுவதும் கெடும், அதுவே உள்ளம் என்ற நபிமொழியை அறிவிப்பவரும் அதே நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள்தாம். ஓர் உடல் என்ற செய்தியையும் உள்ளம் என்ற செய்தியையும் சேர்த்துப் படித்தால், மஹல்லாவின் மரப்பு எங்கிருந்து புறப்படுகிறது என்பது விளங்கும்.

சோதித்துக்கொள்வது எப்படி?

சர்க்கரைக்கு இருவகைச் சோதனைகள் உண்டு. ஒன்று, அன்றைய நிலையைக் காட்டும். முதல் நாள் வாயைக் கட்டினால் அதில் ஓரளவு நல்ல எண் வந்துவிடும். மற்றொன்று ‘எச்பிஏ1சி’ என்ற சோதனை. அது ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லிவிடும். அதை ஏமாற்ற முடியாது. ரமளானின் 27ஆம் இரவில் நிரம்பி வழியும் பள்ளிவாசல் முதல் வகைச் சோதனை. ஷஅபானுக்கு முன் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையின் ஃபஜ்ரு தொழுகை இரண்டாம் வகை. நம் மஹல்லாவின் உண்மை நிலை அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் தெரியும்.

அந்த ஃபஜ்ருதான் மருந்தும். நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும்படி மருத்துவர் சொல்கிறார். அல்லாஹ்வோ நாளைக்கு ஐந்து முறை நம்மைத் தோளோடு தோள் நிற்க வைக்கிறான். தினமும் இரண்டாம் ஸஃப்பில் நின்றவர் மூன்று நாட்களாக வரவில்லையென்றால், அது அருகில் நின்றவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒருவரை நபி (ஸல்) அவர்கள் காணாதபோது, அவர் எங்கே என்று விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறினர். அதை ஒரு பெரிய செய்தியாக அவர்கள் கருதியிருக்கவில்லை. எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்ட நபியவர்கள், அவருடைய கப்று எங்கே என விசாரித்துச் சென்று அங்கே தொழுவித்தார்கள். ஓர் ஆட்சியின் தலைவருக்கு, துடைப்பம் பிடித்த ஒரு கை காணாமல் போனது தெரிந்தது. உணர்ச்சியுள்ள உடல் என்பது இதுதான்.

உள்ளங்காலை நம் கண்ணால் நேரே பார்க்க இயலாது. கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறார் மருத்துவர். ஒரு முஃமின் மற்றொரு முஃமினுக்குக் கண்ணாடி என்பது நபிமொழி. ஆண்களின் ஸஃப்புகளில் தென்படாத வீடுகள் மஹல்லாவில் நிறைய உண்டு: விதவையர், கணவரால் கைவிடப்பட்டோர், ஆண் துணையின்றி முதியோரைப் பராமரிக்கும் பெண்கள். இந்த வீடுகளின் நிலை நிர்வாகக் குழுவைவிட, மாலை மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதித்தரும் உஸ்தாதாக்களுக்கு நன்கு தெரியும். அவர்களின் சொல் நிர்வாகத்தின் காதை எட்ட ஒரு வழி வேண்டும். ஆயிரம் வீடுகளைச் சிலரே எப்படிக் கவனிப்பது என்று கேட்கலாம். பத்து வீடுகளுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் எந்த மஹல்லாவும் பெரிதன்று.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. பிறர் குறையைத் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் (49:12) தடை செய்கிறது. நலம் விசாரிப்பவர் கதவைத் தட்டி ஸலாம் சொல்லிக் கேட்பார். கேட்டதைத் தம்மோடு வைத்துக்கொள்வார். துருவுபவரோ கேட்டதைத் திண்ணையில் இறக்கி வைப்பார். முதலாவது நரம்பு, இரண்டாவது ஈ.

மேலும், காய்ச்சலை நோய் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அது கிருமியை எதிர்த்து உடல் எழுப்பும் தற்காப்பு. வரதட்சணை நிக்காஹ் ஏன் இங்கே நடக்கிறது, மோதினாரின் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்கும் இளைஞர் சில நேரம் குரலை உயர்த்தக்கூடும். அவரைக் கலகக்காரர் என்று உட்கார வைப்பது எளிது. காய்ச்சலை மட்டும் அடக்கிவிட்டுப் புண்ணை விட்டுவைக்கும் மருத்துவம் எந்தக் காலையும் காப்பாற்றியதில்லை.

இன்று இரவு வீட்டில் பெரியவர்களின் பாதத்தைப் பார்த்து மருந்து தடவும்போது, பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்வோம். நம் தெருவில் சில நாட்களாகக் காணாத முகம் எது என்று அவர்களிடம் கேட்போம். ஒரு பெயராவது வரும். நாளை அஸ்ருக்குப் பின் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்கள் மரத்துப்போவதிலிருந்து எங்களைக் காப்பாயாக! பிறர் வலியால் எங்கள் உறக்கம் கலையும் பேற்றை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.