படம் வராத கடிதம்

ஆலங்குளம் என்றால் உங்களில் பலருக்குச் சிமெண்டு ஆலை நினைவுக்கு வரும். எனக்கோ அங்கே இருக்கும் என் மதினியும் அவர் அனுப்பும் பால்கோவாவும்தான். சரக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுப்பது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது என்று பெருமையாகச் சொல்லுவார். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள தெரிந்த குடும்பங்களுக்கு டப்பா கட்டி அனுப்பி நாலு காசு பார்க்கிறார். மாதா மாதம் எல்லோருக்கும் ஓர் இ-மெயில் போகும்.

போன தீபாவளிக்கு அவருடைய மருமகன் (அண்ணன் மகன், கம்ப்யூட்டர் படிக்கிறவன்) அந்த மெயிலுக்கு அலங்காரம் செய்து கொடுத்தான். மத்தாப்பு, கோபுரம், விலை, கடைசித் தேதி, போன் நம்பர் எல்லாம் ஒரே வண்ணப் படத்துக்குள்! எனக்கு வந்து சேர்ந்ததோ ஒரு வெற்றுப் பெட்டி, மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. ஆர்டர் இரண்டே இரண்டு. ஐம்பது டப்பா வாங்கி வைத்துவிட்டு மதினி தவித்துப் போனார். பால்கோவா என்ன, புடவையா, அடுத்த வருஷம் விற்கலாம் என்று பீரோவில் வைக்க?

சகோதரிகளே, இந்த மாதிரி மெயிலில் படம் கடிதத்தோடு வருவதில்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். நாம் திறக்கும்போது அங்கிருந்து வரவழைக்கப்படும். வரவழைத்ததுமே, கடிதம் திறக்கப்பட்டது என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். இதற்கென்றே கண்ணுக்குப் புலப்படாத புள்ளியளவு படத்தைச் சொருகி அனுப்பும் ஆசாமிகள் உண்டு. (அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கும் குணம் எங்கே போனாலும் விடாது போலிருக்கிறது!) ஆகவே அவுட்லுக், 2003-லேயே நாம் கேட்டாலொழிய வெளிப்படங்களைக் காட்டாமல் நிறுத்தி வைத்தது. ஜி-மெயில் 2013 டிசம்பரிலிருந்து தன் சொந்தக் கம்ப்யூட்டர்கள் வழியாக வாங்கிக் காட்டுகிறது. அதிலும் வேண்டாமென்று நிறுத்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள். "என் போனில் நன்றாகத் தெரிந்ததே!" என்று மருமகன் சாதித்தானே, அவன்மேலும் தப்பில்லை.

"அப்போ படத்தையே எடுத்துப் போடட்டுமாம்மா?" என்றார் மதினி.

வேண்டவே வேண்டாம். பார்த்தவுடன் நாக்கில் நீர் ஊற வேண்டாமா? ஆனால் விலையும் தேதியும் போன் நம்பரும் படத்துக்கு வெளியே எழுத்தாக இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட்' என்று ஒரு மாற்று வாசகம் கொடுக்க இடமுண்டு; படம் வராவிட்டால் பெரும்பாலும் அந்த இடத்தில் அது தெரியும். நம் பிள்ளையாண்டான் அங்கே 'படம் 1' என்று போட்டிருந்தான்! 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, அரைக் கிலோ டப்பா' என்று எழுதினால் என்ன குறைந்து போகும்? கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுவதும் அதைத்தான். 'ஆர்டர் கொடுங்கள்' என்ற பொத்தானையும் படமாக வரையாமல், வண்ணக் கட்டத்தில் எழுத்தாகவே அமைக்கலாம். படத்தின்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் அடியில் ஒரு கருநிறம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளையில் வெள்ளை கரைந்துவிடும்.

அனுப்பும் முன், உங்கள் மெயிலிலேயே படங்களை நிறுத்திவிட்டு ஒரு தரம் திறந்து பாருங்கள்.

மதினி பொங்கலுக்கு அப்படித்தான் அனுப்பினார். டப்பா மிஞ்சவில்லை. மருமகனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், கோபுரத்தைச் சின்னதாக்கிவிட்டார்களாம்.