கடலில் கேட்காத கேள்வி

1943 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப்போகும் நேரம். கிரீன்லாந்தை நெருங்கிக்கொண்டிருந்த 'டார்செஸ்டர்' என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. கப்பலில் 900 பேருக்கு மேல் இருந்தார்கள். பிழைத்தவர்கள் சுமார் 230 பேர்தான்.

உடையோடும் உயிர்காப்பு அங்கியோடும் படுக்கும்படி கேப்டன் உத்தரவிட்டிருந்தார். ஆனால் அடித்தளத்தில் எஞ்சின் சூடு தாங்காமல் பலர் அங்கியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அப்படியே மேல்தளத்துக்கு ஓடிவந்தவர்களுக்கு, ராணுவ மதகுருக்கள் நால்வர் பெட்டியிலிருந்த அங்கிகளை எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டி காலியானதும் தாங்கள் போட்டிருந்ததையே கழற்றிக் கொடுத்தார்கள். ஜார்ஜ் ஃபாக்ஸ் மெதடிஸ்ட் போதகர். கிளார்க் போலிங் சீர்திருத்தச் சபைப் போதகர். ஜான் வாஷிங்டன் கத்தோலிக்கப் பாதிரியார். அலெக்சாண்டர் குட் யூத ரப்பி. எதிரே நின்றவன் எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. கையுறையை எடுக்க அறைக்குத் திரும்பிய ஜான் மஹோனி என்பவரைத் தடுத்து, தன்னிடம் இன்னொரு ஜோடி இருப்பதாகச் சொல்லித் தன் கையுறையைக் கொடுத்துவிட்டார் ரப்பி. அப்படி ஒரு ஜோடி இருந்திருக்காது என்பது உயிர் பிழைத்த மஹோனிக்குப் பிறகுதான் உறைத்தது.

கப்பலோடு சேர்ந்து இறந்த நால்வருக்கும் பதக்கம் வந்தது, தபால் தலை வந்தது. 1988-ல் பிப்ரவரி 3 அவர்களுக்கான நாளானது. ஆனால் சேர்ந்து செத்தவர்களைச் சேர்த்து நினைப்பது அத்தனை எளிதாக நடக்கவில்லை. கிளார்க்கின் தந்தை டேனியல் போலிங்கும் போதகர்தான். நால்வருக்கும் பொதுவாக ஃபிலடெல்பியாவில் ஓர் ஆலயம் எழுப்ப 1947-ல் அவர் நிதி திரட்டும் விருந்து வைத்தார். பேச ஒப்புக்கொண்டிருந்த இளம் காங்கிரஸ் உறுப்பினர், கத்தோலிக்கரான ஜான் கென்னடி விலகிக்கொண்டார். ஆலயம் அமையவிருந்தது ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குள். அதைக் கத்தோலிக்கப் பேராயர் ஏற்கவில்லை. 1960 அதிபர் தேர்தலில் இந்த விவகாரம் கென்னடிக்குத் தலைவலியானது.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் நடந்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அங்குள்ள மதகுருக்கள் குன்றில் புராட்டஸ்டண்ட் போதகர்களுக்கு 1981-லும் கத்தோலிக்கருக்கு 1989-லும் நினைவுக்கல் எழுந்தது. மூவரின் பெயரும் ஏறிவிட்டது. ரப்பி குட்டின் பெயர் ஏற, யூத மதகுருக்களுக்கான கல் திறக்கப்பட்ட 2011 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதில் கெட்ட எண்ணம் எதையும் நான் காணவில்லை. அவரவர் சமூகம் அவரவர் வீரருக்குக் கல் நட்டது, அவ்வளவுதான். மரியாதை செலுத்தும் பொறுப்பைச் சமூகங்களிடம் விட்டால், முனைந்து நிற்க ஆள் சேரும்வரை தியாகியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வரிசையில் நின்ற இன்னொருவரும் உண்டு. டார்செஸ்டர் மூழ்கிய அதே இரவில் மீட்க வந்த 'கமான்ச்சி' கப்பலில் உணவு பரிமாறும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் சார்லஸ் டேவிட், உறைபனி நீரில் இறங்கிப் பலரைக் காப்பாற்றினார். பின்னர் நிமோனியாவில் இறந்தார். அவர் பெயர் தாங்கிய கடலோரக் காவல்படைக் கப்பல் பணியில் சேர்ந்தது 2013-ல்.

ஆர்லிங்டனில் மதவாரியாகப் பிரிந்து கிடக்கும் நால்வரின் பெயரையும் அரசே ஒரு கல்லில் பொறிக்கட்டும். பிப்ரவரி 3-ல் அவர்களின் பெயரைப் படிக்கும் இடத்திலெல்லாம் டேவிட்டின் பெயரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.