ஒரு வரியில் எழுதினால் திறமையா?

பைத்தானில் குறைந்த வரிகளில் எழுதுபவனே கெட்டிக்காரன் என்று மாணவர்களிடையே ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. இது திறமை அல்ல, சோம்பேறித்தனம்.

சிட்லபாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பேரூராட்சியாக இருந்த ஊர், 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. மாநகராட்சிக்கு 70 வார்டுகள், 5 மண்டலங்கள். ஒரே நீளமாக இருக்கும் வார்டு லிஸ்டை மண்டலவாரியாக, லிஸ்டுக்குள் லிஸ்டாக அடுக்க வேண்டும். முதலில் ஐந்து காலி லிஸ்ட் தேவை. கெட்டிக்காரர் எழுதுவது:

[[]] * 5

பிரிண்ட் செய்தால் ஐந்து காலிப் பெட்டிகள் தெரியும். ஆனால் சிட்லபாக்கத்தின் ஒரு வார்டை ஒரு மண்டலத்தில் அப்பெண்ட் செய்தால், ஐந்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்!

காரணம், உள்ளே இருப்பது ஒரே லிஸ்ட்தான். பெருக்கல் குறி அதன் முகவரியை ஐந்து முறை எழுதிவைக்கிறது, அவ்வளவே. ஒரே வீட்டுக்கு ஐந்து கதவு எண் கொடுத்த கதை.

"[0] * 5 மட்டும் சரியாக வருகிறதே?" என்பார்கள். வரும். எண்ணை உள்ளுக்குள் மாற்ற முடியாது. அதை எடுத்துவிட்டு வேறு எண்ணைத்தான் வைக்க முடியும். லிஸ்ட் அப்படியல்ல.

எர்ரர் எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. வரிபாக்கிக் கணக்கில் இப்படி நடந்தால் ஒரு மண்டலத்தின் பாக்கி ஐந்தின் தலையிலும் விழும். பைத்தானின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் பகுதியே இதை எச்சரித்திருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

ஃபார் லூப்பில் ஐந்து முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு [] சேர்த்தால் தீர்ந்தது. மூன்று வரி ஆகும். ஆகட்டுமே! வரியை மிச்சம் பிடித்து விடையைத் தொலைப்பதா கெட்டிக்காரத்தனம்?